வீட்டுலயே வில்லுப்பாட்டு ரெக்கார்டு பண்ண எத்தனை சேனல் இன்டர்ஃபேஸ் வேணும்?

கேள்வி, 11 பிப்ரவரி 2023

எங்க அப்பா வில்லுப்பாட்டுக் குழு வெச்சிருக்காங்க, நாகர்கோவில் பக்கம். அப்பாவோட சேர்த்து ஏழு பேர். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, ஆர்மோனியம், பின்பாட்டு. இதுவரை கோயில் கொடையில (எங்க பக்கம் கோயில் திருவிழாவை அப்படித்தான் சொல்லுவோம்) மைக் செட்காரர் குடுக்குற ஒரு லைன்ல போனைச் சொருகித்தான் எடுத்திருக்கோம், கேக்கவே முடியல. வீட்டுல ஒரு ரூம்ல வெச்சு ஒழுங்கா எடுக்கணும். லேப்டாப் இருக்கு. மைக்கை லேப்டாப்போட சேக்க இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி வேணுமாம், அதுல 8 சேனல், 18 சேனல்னு எல்லாம் போட்டிருக்கான், எதை வாங்குறது? கொடை சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்தா நல்லது.

11 பிப்ரவரி 2023, ராத்திரி

தம்பி, நான் பாளையங்கோட்டை. பேங்க் வேலை, சாயங்காலம் மிருதங்கம், ராத்திரி இந்தப் பைத்தியம். நேரா சொல்லிடறேன், 18 சேனல் எல்லாம் வேண்டாம். ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஒண்ணு போதும், நல்லதா வாங்குங்க. முதல்ல அப்பா குரலும் உடுக்கையும் எடுங்க, அப்புறம் அதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே குடம், அப்புறம் பின்பாட்டு. ஒவ்வொண்ணா அடுக்குங்க. நான் அப்படித்தான் எடுக்குறேன். மிச்சக் காசுல மைக் வாங்கலாம்.

13 பிப்ரவரி 2023

மேல எழுதினதை அடிச்சுடுங்க.

நேத்து ஞாயித்துக்கிழமை, எங்க பெரியப்பா வந்திருந்தாரு, சுடலைமாடன் கொடைக்கு வருஷம் தவறாம போற ஆளு. இதைச் சொன்னேன். சிரிச்சுட்டாரு. "பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லுவாரு, பின்னால இருக்குறவன் 'ஆமா'ம்பான், அந்த ஆமா எந்த எடத்துல எப்படி விழுதோ அதைப் பாத்துத்தான் அவரு அடுத்த வரியை இழுக்கணுமா வெட்டணுமான்னு முடிவு பண்ணுவாரு, நீ ஆமாவை மறுநாள் எடுப்பியாவே?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் இல்ல.

நான் பழகினது ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்னு எண்ணிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தரை அடுக்குற வேலை. வில்லுப்பாட்டுல கதை போற வேகத்துக்கு மீட்டரே கிடையாது. ஏழு பேரும் ஒரே நேரத்துல வாசிச்சாகணும், ஒரே நேரத்துல பதிஞ்சாகணும். அப்ப ரெண்டு சேனல் ஆகாது. மன்னிச்சுக்கோங்க.

13 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

அந்த 18 கணக்கைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நானே ஏமாந்திருக்கேன். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-ன்னா 18 மைக் சொருகலாம்னு அர்த்தம் இல்ல. மைக் ப்ரீஆம்ப் (மைக்கோட சன்ன சிக்னலைப் பெருக்குற பகுதி, சுருக்கமா ப்ரீ) எட்டுதான். மிச்சத்துல எட்டு, ஏடாட்னு ஒரு ஆப்டிகல் ஓட்டை வழியா வர்றது, ரெண்டு எஸ்பிடிஃப்ங்கற இன்னொரு டிஜிட்டல் ஓட்டை வழியா. பெஹ்ரிங்கர் யூஎம்சி1820-ம் இதே கதை, எட்டு மைக்தான். 18ஐ8-ல இன்னும் மோசம், மைக் ப்ரீ நாலே நாலு, ஆனா பேர்ல 18 இருக்கு. டாஸ்காம் யூஎஸ்-16எக்ஸ்08-ல எட்டு மைக், எட்டு லைன், அதுல ஏடாட் கிடையாது. லைன் ஓட்டையில கீபோர்டு சொருகலாம், மைக் சொருகினா கொசு பாடுற மாதிரி கேக்கும்.

பெட்டியோட பேரைப் படிக்காதீங்க, போட்டோல எக்ஸ்எல்ஆர் ஓட்டையை, அதாவது மூணு பின் மைக் ஓட்டையை எண்ணுங்க.

16 பிப்ரவரி 2023

ஒருத்தர் கேட்டிருக்காரு, நாலு ப்ரீ உள்ளதை இப்ப வாங்கிட்டு அப்புறமா ஏடாட்ல எட்டு ப்ரீ பெட்டி சேத்துக்கலாம்ல, காசும் பிரிஞ்சு போகும்லன்னு. ஆமா. நான் வெச்சிருக்கறதே அதுதான், 18ஐ8, அதுல பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 ஒட்டியிருக்கேன். மொத்தம் 12 மைக். ஒரு டிவி ஆப்டிகல் கேபிள், மெல்லிசா ஒரு கயிறு, அதுல எட்டு சேனல் போகுது. அலீசிஸ் கம்பெனி 90-களோட தொடக்கத்துல எட்டு ட்ராக் டேப் மெஷின் ஒண்ணு விட்டான், வீட்டு வீடியோ கேசட் சைஸ் எஸ்-விஎச்எஸ் டேப்ல ஓடும், அதோட பேருதான் ஏடாட். மெஷின் செத்துப்போச்சு, அந்த ஓட்டை மட்டும் 30 வருஷமா எல்லாப் பெட்டியிலயும் உசுரோட இருக்கு.

16 பிப்ரவரி, திருத்தம்

எட்டு சேனல்ங்கறது 44.1, 48 கிலோஹெர்ட்ஸ்ல மட்டும் (சத்தத்தை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்குதுங்கற கணக்கு, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்). 96-க்குப் போனா அந்தக் கயிறுல நாலுதான் போகும். ஏடிஏ8200 96-க்குப் போகவே போகாது. வில்லுப்பாட்டுக்கு 96 எதுக்குன்னு என்னைக் கேட்டா, எதுக்கும் இல்ல. 48-ல வைங்க, 24 பிட்ல வைங்க.

யூஎஸ்பி 2 போதுமான்னும் கேக்குறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, எட்டு சேனல், 24 பிட், 48000, பெருக்கினா நொடிக்கு 9 மெகாபிட் சொச்சம். யூஎஸ்பி 2-வோட அளவு 480. ஒரு மணி நேரத்துக்கு எட்டு ட்ராக்கும் சேர்ந்து நாலு ஜிபிக்குக் கொஞ்சம் மேல. கதை ரெண்டு மணி நேரம் போனாலும் ஒரு சின்ன பென்டிரைவ் கொள்ளும்.

24 பிப்ரவரி 2023

செகண்ட் ஹேண்ட்ல ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் (யூஎஸ்பிக்குப் பதிலா ஃபயர்வயர்ங்கற பழைய வகை ஓட்டையில சொருகுறது) பாதிக்குப் பாதி விலையில கிடைக்குதாம், வாங்கலாமான்னு தம்பி கேட்டிருக்காரு.

வேண்டாம் தம்பி. நான் ஏழு வருஷம் முன்னாடி சென்னையில ஒரு கடையில வாங்கினேன், பேரு சொல்லல. எட்டு ப்ரீ, வெயிட்டு ஒரு கிரைண்டர் கல்லு மாதிரி, சத்தம் அருமை. என் லேப்டாப்புல அந்த ஓட்டையே இல்ல. கடைக்காரர் "கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்"னாரு, ஃபயர்வயரை யூஎஸ்பியா மாத்துற கேபிள்னு ஒண்ணை 300 ரூபாய்க்குக் குடுத்தாரு. அது வெறும் ஒயரு, முனை ரெண்டும் மட்டும் வேற வேற, அதுல எதுவும் ஓடாது. பழைய டெஸ்க்டாப் ஒண்ணைத் தேடிப்பிடிச்சு, அதுக்கு ஒரு கார்டு போட்டு, அந்தக் கார்டுல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பா இருந்தாத்தான் ஒழுங்கா ஓடும்னு அப்புறம் தெரிஞ்சு, அதையும் வாங்கி, எல்லாம் முடிச்சப்ப புதுசே வாங்கியிருக்கலாம். இப்ப அது மேல எங்க வீட்டம்மா ரோஜாத் தொட்டி வெச்சிருக்கா. நல்லா பூக்குது.

5 மார்ச் 2023

இன்டர்ஃபேஸ் வாங்குறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, அதனால என் கதையையே சொல்றேன், நீளமா போகும்.

போன வருஷம் சித்திரை. எட்டு சேனலும் திறந்து வெச்சா 'ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்குற அளவை, குறைச்சாலும் இருக்கு. அலைவரிசைப் படத்தைப் பாத்தா 50 ஹெர்ட்ஸ், 100, 150னு வரிசையா முள்ளு முள்ளா நிக்குது, அதாவது நம்ம வீட்டு கரண்டேதான். முதல்ல கேபிளைச் சந்தேகப்பட்டேன். மாத்தினேன், போகல. லேப்டாப் சார்ஜரைக் கழட்டினேன், பாதி போச்சு. சரி, சார்ஜர்தான் வில்லன்னு நினைச்சேன். லேப்டாப் மேல உள்ளங்கையை வெச்சுத் தடவினா சுர்ருனு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்ல, சார்ஜர் போட்டிருக்கும்போது, அதே கசிவுதான் யூஎஸ்பி வழியா இன்டர்ஃபேசுக்குள்ள வருது.

ஆனா மிச்சப் பாதி போகல. ஒரு நாள் கவனிச்சேன், காலையில பத்து மணிக்கு கூடுதல், பதினொண்ணுக்கு இல்ல. கீழ் வீட்டுல மாவு ஆட்டுற நேரம். கிரைண்டர் ஓடினா என் ஹெட்ஃபோன்ல கேக்குது. மோட்டார் நின்னதும் போயிடுது. எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்தாரு, டெஸ்டரை எர்த் ஓட்டையில வெச்சாரு, லேசா எரியுது. கொல்லைப்பக்கம் போயி எர்த் குழியைத் தேடினா அது மேல துணி துவைக்கிற கல்லு போட்டிருக்கு. கல்லை நகட்டி மூடியைத் திறந்தா உள்ள மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. உப்பு, கரி போட்டு ஆறு குடம் தண்ணி ஊத்துனாரு. மேல வந்து ஹெட்ஃபோன் மாட்டினேன். அமைதின்னா அப்படி ஒரு அமைதி, சீலிங் ஃபேன் பேரிங் தேய்ஞ்சிருக்குறது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப ஒவ்வொரு வெயில்காலமும் வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்துறேன். செடிக்கு ஊத்துறாருன்னு பக்கத்து வீட்டுல நினைச்சுக்கிட்டிருக்காங்க.

ஒண்ணு மட்டும். இரைச்சல் போகணும்னு மூணு பின் பிளக்குல எர்த் பின்னை உடைச்சு விடறவங்களைப் பாத்திருக்கேன், இரைச்சல் போகத்தான் செய்யும், ஒரு நாள் மைக்கைத் தொட்டவரும் போயிடுவாரு. செய்யாதீங்க. ரெண்டு பெட்டியோட எர்த்தும் கேபிள் வழியா வளையமா சேர்ந்து இரைச்சல் போடுற லூப்பை உடைக்கணும்னா, கீபோர்டுக்கும் இன்டர்ஃபேசுக்கும் நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி போட்டு அதுல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்துங்க, அது வேற விஷயம், அது சிக்னல் கேபிள்ல.

6 மார்ச் 2023

நேத்து சொல்ல விட்டது. டெஸ்டர் எரிஞ்சா எர்த் சரியில்லன்னு தெரியும், எரியலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.

19 மார்ச் 2023

தம்பி போன்ல கூப்பிட்டாரு. அவங்க அப்பா "அந்த பேங்குக்காரரை ஒரு நாள் மெஷினோட வரச் சொல்லு"ன்னாராம். ஏப்ரல் ரெண்டாவது சனி, ஞாயிறு போறேன். 12 மைக் கணக்கோட போறேன், ஏழு பேருக்கு தாராளம்.

லேட்டன்சி, அதாவது வாசிச்சது ஹெட்ஃபோனுக்கு வந்து சேர்ற தாமதம், அதைப் பத்தி இடையில கேட்டவருக்கு: லேப்டாப் ஒரு தடவைக்கு 256 சாம்பிள் சேர்த்து வெச்சு அனுப்பினா (அதுதான் பஃபர்) 48-ல 5.3 மில்லிசெகண்ட். சத்தம் காத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். அப்ப 5 மில்லிசெகண்ட்னா உங்களுக்கும் கிட்டத்தட்ட ஆறடி தள்ளி உக்காந்திருக்குறவருக்கும் நடுவுல உள்ள தூரம்தான், ஒண்ணே முக்கால் மீட்டர். போக வரன்னு ரெண்டா வெச்சாலும் மேடையோட அந்தக் கடைசிக்குத்தான் வரும். இதுக்குப் போயி ரெண்டு மடங்கு காசு குடுத்து இன்டர்ஃபேஸ் வாங்காதீங்க.

10 ஏப்ரல் 2023

போயிட்டு வந்தாச்சு. எங்கருந்து தொடங்குறதுன்னு தெரியல.

முன்னறையில பாய் விரிச்சு, ஜன்னல்ல மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிப்பாட்டி, ஏப்ரல் வெயில்ல ஏழு பேரும் நானும். நான் என்ன பண்ணேன், வில்லுக்கு ஒரு கண்டென்சர் மைக், குடத்துக்கு ஒரு எஸ்எம்57, உடுக்கைக்கு ஒண்ணு, தம்பியோட அப்பாவுக்கு எஸ்எம்58, பின்பாட்டு ரெண்டு பேருக்கு ரெண்டு, ஆர்மோனியத்துக்கு ஒண்ணு, ஜால்ராவுக்கு ஒண்ணுன்னு எட்டு மைக் நட்டேன். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியா ஏத்தலாம் இறக்கலாம்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். குடம் வாசிக்கிறவர் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு, "வில்லும் குடமும் ஒண்ணாத்தான கட்டியிருக்கு, நீங்க எப்படி தனியா எடுப்பீங்க?"

வில்லோட நடுவுல குடத்தோட கழுத்தைச் சேத்துக் கயித்தால இறுக்கிக் கட்டியிருக்கு. அப்பா வீசுகோலால வில் நாண்ல அடிச்சா அந்த அதிர்வு குடத்துக்குள்ள போகுது, குடத்து வாயில மட்டையால அடிச்சா வில்லுல தொங்குற மணி எல்லாம் சிலிர்க்குது. அது ரெண்டு வாத்தியம் இல்ல. இன்டர்ஃபேசுல எத்தனை சேனல் இருந்தாலும் அந்தக் கயித்தை அவுக்க முடியாது.

ஜால்ரா மைக்கை நானே எடுத்துட்டேன். ஜால்ராவுக்கு மைக்கே தேவையில்ல, அது எல்லார் மைக்குலயும் தானா இருக்கு, நம்ம ஆபீஸ் மாதிரியேதான்.

குடத்து மைக்கைப் பத்தி: நேரா வாய்க்கு முன்னால வைக்காதீங்க. ஒவ்வொரு அடிக்கும் உள்ள இருக்குற காத்து புஸ்ஸுனு பீச்சியடிக்குது, மைக்குக்கு அது சூறாவளி. ஒரு சாண் தள்ளி, வாயோட விளிம்பைப் பாத்துச் சாய்ச்சு வெச்சேன், அதுக்கப்புறம்தான் 'கும்'முனு வந்துது.

கெயின்ல தப்பு பண்ணேன். செக் பண்ணும்போது எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி அடக்கமா வாசிச்சாங்க, அதைப் பாத்து கெயினை வெச்சுட்டேன். கதையில சாமி வர்ற எடம் வந்ததும் அத்தனை மீட்டரும் சிவப்பு. 24 பிட்ல கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கு, 16 பிட்ல 96தான், அதனால செக் பண்ணும்போது மீட்டர் -18 பக்கத்துல நின்னா தாராளமா போதும். எல்லாம் தெரிஞ்சும் -6-ல வெச்சேன், பழக்கதோஷம்.

ஹெட்ஃபோனை அப்பா ஒரு நிமிஷம் மாட்டினாரு, கழட்டி மடியில வெச்சுட்டாரு. பின்பாட்டுக்காரரைக் காட்டி "அவன் மூச்சு விடறது கேக்கல"ன்னாரு. அதோட நாலு ஹெட்ஃபோன்னு நான் யோசிச்சதெல்லாம் போச்சு.

10 ஏப்ரல், தொடர்ச்சி

கிளாக் விஷயத்தைச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. முதல் அரை மணி நேரம் எடுத்ததுல சில ட்ராக்ல மட்டும் 'டிக்', அப்புறம் ஒரு சில நொடி கழிச்சு இன்னொரு 'டிக்'. பஃபரைக் கூட்டினேன், யூஎஸ்பி ஓட்டையை மாத்தினேன், வைஃபையை அணைச்சேன். போகல. அப்புறம்தான் பாத்தேன், டிக் வர்ற ட்ராக் எல்லாம் ஏடாட் வழியா வர்றது, 18ஐ8-ல நேரா சொருகின நாலுல இல்ல. ரெண்டு பெட்டியும் தனித்தனியா தன்னோட கடிகாரத்தை வெச்சு 48000 எண்ணிக்கிட்டிருக்கு, ஒண்ணு இன்னொன்னை விட இத்தனூண்டு வேகம், எங்கயோ ஒரு இடத்துல ஒரு சாம்பிள் இடிக்குது, அதுதான் டிக். ஆப்டிகல் கேபிள் ஒண்ணுதான் போட்டிருந்தேன், அப்படின்னா ப்ரீ பெட்டிதான் தலைவர், இன்டர்ஃபேஸ் சாஃப்ட்வேர்ல கிளாக் சோர்ஸை ஏடாட்னு மாத்தணும். வீட்டுல எப்பவும் அப்படித்தான் இருக்கும், போன வாரம் தனியா வாசிக்கும்போது இன்டர்னல்னு மாத்திட்டு மறந்துட்டேன். முழுக்க என் தப்பு. அரை மணி நேரக் கதையை அவங்க மறுபடி பாடினாங்க, முகம் சுளிக்காம. எனக்குத்தான் காபி தொண்டையில இறங்கல.

அதுக்கு நடுவுல கரண்டு வேற போச்சு. லேப்டாப் பேட்டரியில ஓடுது, ரெண்டு பெட்டியும் செத்துப்போச்சு. அதுவரைக்கும் எடுத்தது ரீப்பர்ல (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) பத்திரமா இருந்துது, ஆனா யூபிஎஸ் இல்லாம பெரிய இன்டர்ஃபேஸ் வாங்காதீங்க, ரெண்டு சேனல் பெட்டி மாதிரி இது யூஎஸ்பி கரண்டுல ஓடாது.

14 ஏப்ரல் 2023

புத்தாண்டு லீவுல மிக்ஸ் பண்ணேன். ஏழு ட்ராக்கையும் ஏத்தி இறக்கி, ராத்திரி ரெண்டு மணி. நல்லா வரல. உடுக்கையை ஏத்தினா பின்பாட்டுக்காரர் ஏறி வர்றாரு, ஒரு ஆள் ஆறு மைக்குல ஆறு தூரத்துல இருக்குறதால குரல் தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி கொழகொழன்னு இருக்கு. ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வந்தேன். மிஞ்சினது அப்பா குரல், குடம், உடுக்கை, பின்பாட்டு மைக் ரெண்டுல ஒண்ணு, வில்லு மைக். ஆர்மோனியத்தை மூடினா யாருக்கும் தெரியல. அஞ்சுல நிறுத்தினேன், அதுல வில்லு மைக்கும் மணிக்கு மட்டும் கொஞ்சூண்டு.

15 ஏப்ரல் 2023

அப்ப நாலு ப்ரீயே போதுமான்னு ரெண்டு பேர் கேட்டுட்டீங்க. நானும் யோசிச்சேன். போதாது. எந்த அஞ்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியாதே, ஏழு நட்டதாலதான் ரெண்டை மூட முடிஞ்சுது. ஆனா என்னை மாதிரி நாலும் எட்டும் ஒட்ட வைக்காதீங்க, ஒரே பெட்டியில எட்டு ப்ரீ உள்ளதா வாங்குங்க. ஒரு பிளக்கு, ஒரு கிளாக்கு. பின்னால ஏடாட் ஓட்டை இருந்தா சரி, இல்லன்னாலும் ஏழு பேர் குழுவுக்கு ஒண்ணும் குறையாது. கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியா கரண்டு குடுக்குற பேண்டம் பவர் 48 வோல்ட் சுவிட்ச் எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒண்ணா இருக்கா, பிரிச்சு இருக்கான்னு பாத்துக்கோங்க. எஸ்எம்57, 58-க்கு அது போனாலும் ஒண்ணும் ஆகாது, பழைய ரிப்பன் மைக் யாராவது வெச்சிருந்தா மட்டும் பயப்படணும், வில்லுப்பாட்டுல யாரும் வெச்சிருக்க மாட்டாங்க.

2 மே 2023

தம்பி எட்டு ப்ரீ பெட்டி ஒண்ணு வாங்கிட்டாரு, செகண்ட் ஹேண்ட், யூஎஸ்பிதான், நான் போன்ல எக்ஸ்எல்ஆர் ஓட்டையை எண்ணச் சொல்லி எண்ணினாரு. எர்த் குழியும் பாத்தாச்சாம், அவங்க வீட்டுல குழியே இல்லையாம், புதுசா போட்டிருக்காங்க. நேத்து ஒரு கதை எடுத்து அனுப்பினாரு. ஆறு மைக். என் மிக்ஸை விட நல்லா இருக்கு. பத்தாவது நிமிஷத்துல தெருவுல கோலப்பொடிக்காரர் குரல் கேக்குது, அதை எடுத்துடவான்னு கேட்டாரு, அப்பாவே அந்த வரியில ஒரு நொடி நிறுத்தி அவருக்கு வழிவிட்டுட்டுத்தான் தொடர்றாரு, எடுத்தா தாளம் ஒடையும்னு சொல்லியிருக்கேன்.

தம்பி, என் மைக் ஸ்டாண்டு ரெண்டும் உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கு. கொடை எல்லாம் முடியட்டும், அவசரம் இல்ல.